போண்டாவின் பெல்ட்டில் நான் போட்ட ஓட்டைகள்

தம்பி செல்வா,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யோசிக்கப் பொறுமை இல்லை, கை பரபரக்கிறது. அதனால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம போண்டாவுக்குக் கழுத்தில் புற்றுநோய் வந்தது, தைராய்டு சுரப்பியில். ஆவணி மாதம் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். இன்று காலை நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் நுரையீரலுக்கு எதுவும் பரவவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தைக் காட்டி டாக்டரம்மா, "சுத்தமா இருக்கு சார்" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த மூன்று செய்திகளும் மூன்று தனித்தனி நாளில் உன்னிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டியவை. இப்படி ஒரே மூச்சில் வந்து விழுவது முழுக்க என் குற்றம். கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. ஏனென்றால் இதில் உன் நாயின் கதை மட்டும் இல்லை. தை மாதம் நீ தாலி கட்டப் போகிறவன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இந்த நாயின் கழுத்திலிருந்துதான் எனக்குக் கிடைத்தன.

போண்டா உன் நாய் என்பதை நான் மறக்கவில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சட்டைக்குள் வைத்து நீ கொண்டுவந்த பீகிள் குட்டி. "இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று நான் இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பேர் வைத்தாயே, அதையாவது கௌரவமாக வைத்தாயா? பசுமலைத் தெருவில் நின்று "போண்டா, போண்டா" என்று கூப்பிட எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். ஜெர்மனிக்கு நீ போன நாலு வருஷமாக அவன் என் பொறுப்பில் இருக்கிறான். கப்பலூர் பட்டறைக்கு நான் கிளம்பும்போது ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி நின்றுகொள்வான். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவேன், அவன் மேஜைக்கு அடியில் படுத்திருப்பான். சாயங்காலம் இருவரும் திரும்பி வருவோம். உங்கள் அம்மா சொல்வாள், "கல்யாணமான புதுசுல என்னையக்கூட இப்படி வண்டியில ஏத்திக்கிட்டுத் திரியல" என்று. அது உண்மைதான்.

என் தொழில் உனக்குத் தெரியும். ரோட்டில் நின்றே உள்ளே ஓடுகிற மோட்டாருக்குப் பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்படிப்பட்ட காதுக்கு, நாளெல்லாம் காலடியில் கிடந்த நாயின் குரல் மாறியது உறைக்கவில்லை. ஆனியில் உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது நீதான் கேட்டாய், "என்னப்பா, இவன் குரல் கட்டிருக்கு?" என்று. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஒம்பது வயசாச்சுல்ல, வயசானா அப்படித்தான்." நீ என்னை நம்பி ஊருக்குப் போனாய். நீண்டு ஊளையிடுவானே, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கூடவே சேர்ந்து ஊளையிடுமே, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தை உரசுவது போல ஆனது. தண்ணீர் குடித்தால் இருமினான். "அவசரமா குடிக்கிறான்" என்றேன். பின்னங்கால் நகம் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. "சோம்பேறி" என்றேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அவன் காட்டிய ஒவ்வொரு அடையாளத்துக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்திருக்கிறது.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. ஆடி மாதத்தில் அவனுடைய கழுத்துப் பெல்ட் இறுகியது. குண்டாகிவிட்டான் என்று நினைத்துக் கடைசி ஓட்டைக்குத் தளர்த்தினேன். பத்துப் பதினைந்து நாளில் அதுவும் இறுகியது. பட்டறையில் டிரில் எடுத்து பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். பிறகு இன்னொன்று. உடம்பு இளைத்துக்கொண்டு வந்தது, கழுத்து மட்டும் பெருத்தது. அந்தக் கழுத்தை ஒரு தடவை கையால் தடவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஓட்டையை மட்டும் சுத்தமாக, பிசிர் இல்லாமல் போட்டேன்.

முதலில் கண்டுபிடித்தது நம்ம சோணைமுத்து. பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறானே, திருவாதவூர்க்காரன், ஊரில் ஆடு மாடு நாய் எல்லாம் வைத்திருப்பவன், அவன்தான். ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போண்டாவுக்கு ஒரு வாய் சோற்றை உருட்டிப் போடக் குனிந்தவன், அப்படியே நிறுத்தி, "அண்ணே, இவனுக்கு ஒரு கண்ணு மட்டும் தூங்குதேண்ணே" என்றான். போய்ப் பார்த்தேன். இடது கண்ணின் இமை பாதி இறங்கியிருந்தது. கண்ணே கொஞ்சம் உள்ளே போனது போல இருந்தது. மூக்கோரத்திலிருந்து சிவப்பாக ஒரு சவ்வு ஏறி வந்து கண்ணில் கால்வாசியை மறைத்திருந்தது. "முள்ளு கிள்ளு குத்திருக்குமோ. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணே. தள்ளிப் போடாதீங்க" என்றான். நான் தள்ளித்தான் போட்டேன். மெடிக்கலில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து வாங்கி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் சோணைமுத்து பட்டறைக்கு வந்ததும் போண்டாவைத் தூக்கி என் ஸ்கூட்டரில் வைத்து, "கிளம்புங்க, இங்க நான் பாத்துக்கிறேன்" என்றான். என் பட்டறையில் என்னையே அதட்டினான். நல்லவேளை, அதட்டினான்.

டாக்டரம்மா பேர் ஜெசிந்தா. உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் "கண்ணு" என்று சொன்னதும் அவர் கண்ணைத்தான் பார்த்தார். ஆனால் எப்படிப் பார்த்தார் தெரியுமா? அறையின் விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் சின்ன டார்ச்சைத் தள்ளிப் பிடித்து, "சார், இங்க பாருங்க. வலது கண்ணுல பாப்பா நல்லா விரிஞ்சிருக்கு. இடது கண்ணுல கடுகு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, "தண்ணி குடிச்சா இருமுறானா? குரல் மாறியிருக்கா?" என்று கேட்டார். கண்ணைப் பற்றி மட்டும் சொன்னவனிடம் குரலைப் பற்றி அவர் கேட்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா" என்றேன். அவர் பெல்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் போட்ட இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார். போண்டாவின் தாடையை ஒரு கையால் நிமிர்த்தி, மறு கை விரல்களை மெதுவாகத் தொண்டை ஓரமாக இறக்கினார். ஓர் இடத்தில் நின்றது கை. "கண்ணுல ஒண்ணும் இல்ல சார். பிரச்சினை கழுத்துல இருக்கு. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, கல் போல.

பயந்துதான் போனேன். ஆனால் தம்பி, அடுத்த பத்து நிமிஷத்தில் அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியதைக் கேட்டபோது, பயத்தோடு பயமாக ஒரு வியப்பும் எனக்குள் ஓடியது. கண் பாப்பாவை விரிக்கிற நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்குப் போவதில்லையாம். முதுகுத் தண்டுக்குள் இறங்கி, நெஞ்சுக்கூடு வரைக்கும் வந்து, அங்கே வெளியேறி, மறுபடி கழுத்து வழியாக மேலே ஏறிக் கண்ணுக்குப் போகிறதாம். தொண்டையில் குரலை எழுப்புகிற நரம்பும் அதே மாதிரிதான். கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் போய், ஒரு ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு, திரும்பி மேலே வருகிறதாம். நாற்பது வருஷமாகக் கம்பி இழுக்கிற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துல இருக்கிற இடத்துக்கு எதுக்கும்மா இம்புட்டுச் சுத்து?" என்றேன். அவரும் சிரித்தார். "ஆண்டவரைத்தான் கேக்கணும் சார். ஆனா அந்தச் சுத்துனாலதான் நமக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நரம்பும் தைராய்டு பக்கமாத்தான் போகுது. கட்டி ரெண்டையும் அமுக்குது. அதான் கண்ணும் இறங்கி, குரலும் மாறியிருக்கு." எனக்கு ஒரு கணம் எல்லாம் வெளிச்சமானது. இருமல், கரகரப்பு, சொருகிய கண், மூன்றும் ஒரே இடத்தைத்தான் கை காட்டிக்கொண்டிருந்தன. நான்தான் மூன்றுக்கும் மூன்று பேர் வைத்து அனுப்பிவிட்டேன்.

ஊசியில் கொஞ்சம் எடுத்துப் பார்த்ததில் புற்று என்று உறுதியானது. ரத்தத்தில் தைராய்டு சுரப்பும் மிகக் குறைவு என்று வந்தது. அதைக் கேட்க உங்கள் அம்மாவும் வந்திருந்தாள். "சுரப்பு கொறஞ்சா நரம்பும் தசையும் தளந்துபோகும்மா. அதான் பின்னங்கால இழுக்குறான். எந்நேரமும் தூங்குறானே, அது சோம்பேறித்தனம் இல்ல" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னாள். "எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இவனுக்கு ரெண்டு மாசம். பரவாயில்ல, தேறிட்டீங்க."

அது என்ன என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அம்மா ஸ்கூலில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். போர்டில் எழுதும்போது கையிலிருந்து சாக்பீஸ் நழுவி விழும். விரல் மரத்துப்போகிறது என்பாள். குரல் தடித்துப்போனது, முகம் ஊதியது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தாள். நான் சொன்னேன், "வேலைல கவனம் இல்ல, அதான் கை நழுவுது." இன்னொரு நாள் உன் பெரியப்பா வீட்டார் எல்லோரும் இருக்கும்போது, "இவளுக்குத் தூங்குறதுதான் உத்தியோகம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கடைசியில் அவளே தனியாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்து, தைராய்டு என்று தெரிந்துகொண்டு, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தாள். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்ப மாத்திரைய ஒழுங்கா போடு" என்று மட்டும் சொன்னேன். போண்டாவின் ரிப்போர்ட் வந்த அன்றுதான், அத்தனை வருஷம் கழித்து, வாசல்படியில் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "மொதல்ல நாய்க்கு என்ன செய்யலாம்னு பாருங்க" என்றாள். உங்கள் அம்மாவை உனக்குத் தெரியும், அது பெரிய மன்னிப்பு.

தம்பி, உனக்கு மனைவியாக வரப்போகிற நிவேதா நல்ல பெண். ஒருநாள் அவள் உன்னிடம் "அசதியா இருக்கு" என்பாள். அந்த அசதிக்கு நீ பேர் வைக்காதே. வேலை அதிகம், தூக்கம் இல்லை, போன் பார்க்கிறாய் என்று உன் வாயில் தயாராக நிற்கிற பதிலை அப்படியே விழுங்கிவிடு. எங்கே, எப்போதிருந்து, எப்படி என்று கேள். டாக்டர் ஜெசிந்தா விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாரே, அந்த மாதிரி நின்று நிதானித்துப் பார். நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

ஆபரேஷன் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. கட்டியைப் பிடித்து அசைத்தால் அசைந்தது. அடியில் வேர் விட்டு ஒட்டிக்கொள்ளவில்லை, அதனால் எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அந்தக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் அதிகம், மேஜையிலேயே நிறைய ரத்தம் போகலாம், நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். அம்மா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "செல்வாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் நாய்." நான் மறுத்தேன். புது வேலையில் இருக்கிறாய், கல்யாணத்துக்கு வேறு லீவு எடுக்க வேண்டும், சொன்னால் அடுத்த விமானத்தில் ஓடி வந்துவிடுவாய், நடக்கிற காரியம் எல்லாம் கெட்டுவிடும் என்றேன். உனக்காகத்தான் மறைக்கிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். உள்ளே இருந்த காரணம் வேறு. "குரல் கட்டிருக்கே" என்று நீ கேட்டதும், நான் வயசு என்று சொன்னதும் இருவருக்கும் ஞாபகம் வந்துவிடும். மகன் முன்னால் தோற்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் வீடியோ காலில் நீ கேட்கும்போதெல்லாம் அவனுடைய வலது பக்கத்தை மட்டும் காட்டினேன். கழுத்தில் தையல் இருந்த இரண்டு வாரம் "தூங்குறாம்ப்பா" என்றேன். போனுக்கு இந்தப் பக்கம் அம்மா என்னை முறைத்துக்கொண்டு நிற்பாள். உன் நாய் பிழைப்பதா சாவதா என்ற முடிவை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். அவன் பிழைத்ததால் அது சரியாகிவிடாது. உன் வீட்டில் நீ இதைச் செய்யாதே. இன்னொருவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று நீயாக முடிவு கட்டாதே.

இரு, ஆபரேஷன் நாளைச் சொல்கிறேன். எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்குச் சலிக்கவில்லை. ரத்தம் தேவைப்படலாம், இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான ஒரு நாய் வேண்டும் என்றார்கள். நாய்க்கு நாய் ரத்தம் கொடுக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பட்டறையில் புலம்பிக்கொண்டிருந்தேன். சோணைமுத்து ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம கருவாயன் இருக்கான்லண்ணே. ஊசியெல்லாம் போட்டிருக்கேன். நாளைக்கே கூட்டிட்டு வாரேன்" என்றான். மறுநாள் காலையில் கிளினிக் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சோணைமுத்து கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருக்க, அவனுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி நின்றுகொண்டு வந்தான் கருவாயன். நல்ல உயரமான வேட்டை நாய், மூஞ்சி மட்டும் கரிக்கட்டை. அவனுடைய ரத்தத்தையும் போண்டாவின் ரத்தத்தையும் கலந்து பார்த்துவிட்டு, "சேருது" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நானும் சோணைமுத்துவும் கை கொடுத்துக்கொண்டோம். ரத்தம் எடுக்கிற நேரம் முழுக்க அவன் கருவாயனின் காதில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தான். அந்தப் பெரிய நாய் அசையவே இல்லை. என்னடா பேசினாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, ஊர்க்கதைதான். பேச்சு நின்னாத்தான் பயப்படுவான்" என்றான்.

டாக்டர் ஜெசிந்தாவும், வெளியூரிலிருந்து வந்த மூத்த டாக்டர் ஒருவரும் சேர்ந்து இரண்டரை மணி நேரம் செய்தார்கள். நடுவில் கதவைத் திறந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து ரத்தப் பையை எடுத்துப் போனபோது அம்மா என் கையைப் பிடித்தாள். இத்தனைக்கும் அவள் ஒன்பது வருஷமாக அந்த நாயை "அந்தச் சனியன்" என்று சொல்லி வந்தவள். டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றி, "முழுசா எடுத்துட்டோம். ரத்தம் போச்சு, ஆனா ஏத்துறதுக்கு ரத்தம் கைவசம் இருந்துச்சு, சமாளிச்சுட்டோம்" என்றார். பிறகு, "இடது பக்க நரம்புல கட்டி ஒட்டியிருந்துச்சு சார். நரம்ப விட்டுக்கொடுத்துத்தான் எடுக்க முடிஞ்சுது. அந்தக் கண்ணு இப்படியேதான் இருக்கும். குரலும் பழையபடி வராது" என்றார். "மூச்சு விடுவானா?" என்று அம்மா கேட்டாள். "வலது பக்கம் நல்லா இருக்கும்மா. விடுவான்." "அப்ப போதும்" என்றாள் அம்மா.

அதன் பிறகு உழைத்ததெல்லாம் உங்கள் அம்மா. தொண்டை சரியாக மூடாததால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் இருந்தது. சோற்றையும் கோழியையும் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி ஒவ்வொன்றாக ஊட்டினாள். தண்ணீர்க் கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, எத்தனை உருண்டை போனது, எத்தனை முறை இருமினான் என்று நோட்டுப் போட்டு எழுதினாள். இப்போது காலையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தைராய்டு மாத்திரை. தன்னுடைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவனுடையதை ஊட்டுகிறாள். அவனுக்கு டோஸ் அவளைவிட மிக அதிகம். நாய் உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். "வீட்டுல எனக்கு இருந்த ஒரே விசேஷம் இந்த மாத்திரைதான். அதுலயும் இவன் முந்திட்டான்" என்கிறாள். அந்த மாத்திரை செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே. நாலாவது வாரம் நகம் தேய்கிற சத்தம் குறைந்தது. ஏழாவது வாரம் ஒருநாள் காலை ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணுகிறேன், யாரும் தூக்கிவிடாமல் தானாகவே முன்னால் ஏறி நிற்கிறான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். மறுபடி இறக்கிவிட்டு, மறுபடி ஏறச் சொன்னேன். ஏறினான்.

இன்று எக்ஸ்ரே பார்த்து முடித்ததும் டாக்டரிடம் கேட்டேன், "இனிமே ஓடலாமாம்மா?" "கழுத்துல பெல்ட் வேண்டாம். நெஞ்சுல மாட்டுற பட்டை வாங்கிருங்க. வெயில்ல வேண்டாம். மூச்சு வாங்குனா நிறுத்திருங்க. மத்தபடி ஓடட்டும் சார்" என்றார். வெளியே வந்தால் கார்த்திகை மூட்டம், வெயிலே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகவில்லை, காரை நேராகத் திருவாதவூருக்கு விட்டேன். பட்டறைக்கு இன்று லீவு. வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால் சோணைமுத்து கண்மாய்க் கரையில் கருவாயனோடு நின்றிருந்தான். மழையில் கண்மாய் நிறைந்து அலையடித்துக்கொண்டிருந்தது. போண்டாவை இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் காற்றை முகர்ந்துகொண்டு நின்றான். கருவாயன் வந்து மோந்து பார்த்துவிட்டு, கரை மேல் ஓட ஆரம்பித்தான். தம்பி, பின்னாலேயே இவன் ஓடினான் பார். காது இரண்டும் மேலே பறக்க, ஒரு கண் பாதி மூடியபடி, அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு அம்புட்டு வேகம். தண்ணீரில் இருந்த கொக்கெல்லாம் எழுந்துவிட்டது. கொக்கைப் பார்த்துக் குரைத்தான். குரல் கரகரவென்று, பாதி காற்றாகத்தான் வந்தது. அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை, மறுபடி மறுபடி குரைத்தான். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "டேய், மூச்சு வாங்கும்டா, நில்லுடா" என்று பின்னாலேயே ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். "ரெண்டு பேரும் இப்ப பங்காளி ஆயிட்டாய்ங்கண்ணே" என்றான் சோணைமுத்து, நாய்கள் இரண்டையும் காட்டி.

இனி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் திரும்பலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுக்க வேண்டும். இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன். "நல்ல காலம் கெடைக்கும்னு நம்புறேன் சார். இவ்வளவுன்னு சொன்னா அது பொய்" என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உனக்கும் நான் அதையே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து இறங்குவதாகச் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருஷமும் உன் வரவைப் பற்றி நான் "வேலையப் பாத்துக்கிட்டு, முடிஞ்சா வா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்னாலேயே வா. அங்கே கேட்க வேண்டியவர்களிடம் கேள், கெஞ்ச வேண்டுமென்றால் கெஞ்சு. போண்டாவுக்காக என்று நீ நினைத்துக்கொண்டாலும் சரிதான், ஆனால் கூப்பிடுவது நான். டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குப் போன் செய். எனக்கு அடித்தால் பட்டறைச் சத்தத்தில் கேட்காது.

உன் அப்பா